பொறுத்தருளுமாறு யாரிடம் கேட்பது?

யூத மக்களின் ஆண்டுப் பிறப்பிற்கு 'ரோஷ் ஹஷானா' என்று பெயர். ஆண்டின் தலை என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் ஞாயிறு மறைந்த வேளையில் அவர்களுடைய 5786-ஆம் ஆண்டு பிறந்தது. அதற்குப் பதினாறு நாட்களுக்கு முன்னர், செப்டம்பர் 6 அன்று, அனந்த சதுர்த்தசியுடன் நாம் தசலட்சண நாட்களை நிறைவு செய்தோம். இரு சமயங்களுக்கும் கொள்கையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவர்கள் உலகைப் படைத்த இறைவன் ஒருவனை நம்புகின்றனர். நாமோ படைப்போன் என ஒருவனை ஏற்பதில்லை. ஆயினும் ஏறத்தாழ ஒரே திங்களில் இரு சாராரும் ஒரே பணியில் ஈடுபட்டிருந்தோம். சென்ற ஆண்டில் செய்ததையும் சொன்னதையும் எடுத்துவைத்துக் கணக்குப் பார்ப்பதே அப்பணி.

அவர்களுடைய பண்டிகையை வாசக அன்பர்களுக்கு அறிமுகம் செய்வது மட்டும் நம் நோக்கமன்று. நெடுநாளாக நம் நெஞ்சை உறுத்திவரும் கேள்வி ஒன்று உண்டு. எல்லா உயிர்களிடமும் பொறுத்தல் வேண்டிக் கைகூப்புகின்றோமே, அதனால் நாம் உண்மையில் தீங்கிழைத்த அந்த ஒருவருக்கு என்ன கிடைக்கின்றது? இக்கேள்வியை யூதப் பெரியோர்கள் மிகக் கூர்மையாக ஆராய்ந்துள்ளனர். தமது ஆண்டுப் பிறப்பிற்கான ஆயத்தத்தையே இதன்மீது அமைத்திருக்கின்றனர்.

ஆயத்தம் ஒரு மாதத்திற்கு முன்பே தொடங்கிவிடுகின்றது. ஆண்டின் இறுதி மாதம் எலூல். அதற்கு 29 நாட்கள். அம்மாதம் முழுவதும், சனிக்கிழமைகளும் இறுதி நாளும் நீங்கலாக, காலை வழிபாட்டின் முடிவில் ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுகின்றனர். 'ஷோஃபார்' எனப்படும் அக்கொம்பின் ஓசையில் இனிமை இல்லை. அழுகையும் அலறலும் கலந்த ஒலி அது. உறங்குவோரே, விழித்தெழுந்து உங்கள் செயல்களை ஆராயுங்கள் என்பதே அவ்வொலியின் குறிப்பு என்று 1204-இல் மறைந்த பேரறிஞர் மைமோனிடஸ் விளக்கம் எழுதினார். ஸ்பெயின் வழியினரும் கீழை நாட்டு யூதர்களும் அம்மாதம் முழுவதும் வைகறைக்கு முன்னெழுந்து 'ஸெலிஹோத்' என்னும் பொறுத்தல் வேண்டல்களை ஓதுவர். ஐரோப்பிய வழியினர் ஆண்டுப் பிறப்பிற்கு முந்தைய சனிக்கிழமை இரவில் அதனைத் தொடங்குவர். இடையே குறைந்தது நான்கு நாட்களேனும் இருக்கவேண்டும் என்பது விதி. ஆண்டுப் பிறப்புக்குப் பின்னும் பணி முடிவதில்லை. திஷ்ரி மாதத்தின் பத்தாம் நாளாகிய 'யோம் கிப்பூர்' என்னும் கழுவாய் நாள் வரையில் அது நீளும். எலூல் முதல் நாளுக்கு முந்தைய நாளிலிருந்து எண்ணினால் அன்றோடு நாற்பது நாட்கள்.

இந்நாட்களில் ஒவ்வொருவரும் 'ஆன்மாவின் கணக்கை' எடுக்கவேண்டும் என்பர். வணிகர் சரக்கிருப்பு எடுப்பது போன்றதே இது என்று சொன்னால் அது வெறும் உவமையன்று. அவர்கள் பயன்படுத்தும் சொல்லே கணக்கு என்று பொருள்படும் சொல்தான். ஆலோசனை, பிரதிக்கிரமணம் என்னும் சொற்களை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

வீட்டு ஆயத்தங்களையும் சிறிது காண்போம். முடி திருத்திக்கொள்வர், ஆடைகளை வெளுத்து வைப்பர், பலர் வெண்மை அணிவர். தீர்ப்புக்காக மன்றத்தின் முன் நிற்பவன் கருநிற உடையும் மழிக்காத முகமுமாக நிற்பதே உலக வழக்கம். தீர்ப்பு நாளாகிய இந்நாளிலோ யூதர்கள் வெள்ளுடை உடுத்து உண்டு மகிழ்கின்றனர் என்று எருசலேம் தல்மூத் பெருமையோடு பேசுகின்றது. ஆண்டுப் பிறப்பிற்கு முன் இறந்தோரின் கல்லறைகளுக்குச் செல்வதும், ஏழைகளுக்குப் பொருள் கொடுப்பதும் பல ஊர்களில் வழக்கம். அன்றிரவு உணவு மேசையில் மாதுளை, பேரீச்சை, சுரைக்காய், பீட்ரூட், காராமணி ஆகியவை இடம்பெறும். எபிரேய மொழியிலும் அரமேய மொழியிலும் அவற்றின் பெயர்கள் வேறு சொற்களை நினைவூட்டும். சுரைக்காயின் பெயர் 'கிழித்தல்' என்னும் சொல்லோடு ஒலிக்கும்; ஆகவே, தீய தீர்ப்பு கிழிக்கப்படுக என்று வேண்டிக்கொண்டு அதனை உண்பர். நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் சிரித்து மகிழ்வார்கள். சொல் விளையாட்டில் நாமும் குறைந்தவர்கள் அல்லர்.

ஆனால் நாம் ஒப்ப இயலாதவையும் அம்மேசையில் உண்டு. ஆப்பிள் துண்டைத் தேனில் தோய்த்து உண்பது இன்று உலகெங்கும் பரவிய வழக்கம். தேனை விலக்கும் நமக்கு அது ஆகாது. சிலர் மீனின் தலையை வைப்பர்; 'வாலாகாது தலையாவோமாக' என்பது அதன் கருத்து. புலால் உண்ணாத யூதர்கள் அதற்குப் பதிலாக முட்டைக்கோசு போன்ற கீரைத் தலை ஒன்றை வைத்துக்கொள்கின்றனர் என்பதைக் கேட்டு நாம் மகிழ்ந்தோம். கழுவாய் நாளுக்கு முன் கோழி ஒன்றைத் தலையைச் சுற்றிப் பின் அறுத்து ஏழைகளுக்கு அளிக்கும் வழக்கமும் சிலரிடம் உண்டு. இதனை 16-ஆம் நூற்றாண்டிலேயே யோசேஃப் காரோ என்னும் சட்ட அறிஞர் தடுக்கவேண்டிய வழக்கம் என்று எழுதினார். கிராக்கோவ் நகர அறிஞர் மோசே இஸ்ஸெர்லெஸ் அதனை ஆதரித்தார். இன்று பலர் கோழிக்குப் பதிலாகப் பணத்தைச் சுற்றிக் கொடுத்துவிடுகின்றனர். ஓர் உயிரின் குருதியால் இன்னோர் உயிரின் வினை தீரும் என்பதை நாம் எக்காலத்தும் ஏற்கமாட்டோம். கழுவாய் நாளில் அவர்கள் தோல் செருப்பு அணிவதில்லை என்று கேள்வியுற்று அது அகிம்சையால் என்று நம்மவர் சிலர் எழுதியுள்ளனர். அவர்களது நூல்கள் கூறும் காரணம் உடல் சுகத்தைத் துறத்தல் என்பதே. இல்லாத ஒற்றுமையை ஏற்றிச் சொல்வது வாய்மைக்கு அழகன்று.

நம் நாட்டிலேயே இப்பண்டிகையைப் பன்னெடுங்காலமாகக் கொண்டாடிவந்த யூதர்கள் உண்டு. கொங்கணக் கடற்கரையில் எண்ணெய் ஆட்டும் தொழில் செய்து வாழ்ந்த பெனே இஸ்ரவேலர்கள், சனிக்கிழமையில் செக்கை நிறுத்தியதால் 'சனிவாரத் தேலிகள்' என்று ஊராரால் அழைக்கப்பெற்றனர். ஆண்டுப் பிறப்பை மராத்தி மொழியில் 'நவ்யாச்சா ஸண்' என்றும், கழுவாய் நாளைக் கதவடைக்கும் திருநாள் என்றும் அவர்கள் வழங்கினர். நூல்கள் கைநழுவிய காலத்திலும் இந்நாட்களை அவர்கள் கைவிடவில்லை.

இனி நம் கேள்விக்கு வருவோம்.

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற 'மிஷ்னா' என்னும் சட்ட நூலின் 'யோமா' பகுதியில் ஒரு விதி காணப்படுகின்றது. மனிதன் இறைவனுக்கு எதிராகச் செய்த குற்றத்தைக் கழுவாய் நாள் நீக்கும். மனிதன் மற்றொரு மனிதனுக்குச் செய்த குற்றத்தை, அம்மனிதனின் உள்ளத்தை அவன் ஆற்றும் வரையில், கழுவாய் நாளும் நீக்காது. இதன் ஆழத்தை நாம் நின்று நோக்கவேண்டும். எல்லாம் வல்லவன் என்று ஒரு கடவுளை நம்பும் சமயம், அக்கடவுளும் அடுத்த வீட்டுக்காரனின் சார்பில் மன்னிப்பதில்லை என்று கூறுகின்றது. நாற்பது நாள் நோன்பும் கண்ணீரும் கொம்பொலியும் ஒரு புறம் இருக்க, அடுத்த வீட்டு வாயிற்படியை மிதிக்காதவனுக்கு அவற்றால் அக்கடன் தீர்வதில்லை.

மைமோனிடஸ் இதனை இன்னும் விரித்துரைத்தார். களவு செய்தவன் பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும் போதாது. அவனை நேரில் கண்டு உள்ளத்தை ஆற்றவேண்டும். அவன் இணங்காவிடில் நண்பர் மூவரை உடன் அழைத்துச் சென்று கேட்கவேண்டும். மீண்டும் மறுத்தால் இரண்டாம் முறை, மூன்றாம் முறை. அதன் பின்னும் மறுத்தால் குற்றம் மறுத்தவனைச் சேரும். ஆனால் தீங்குற்றவர் தம் ஆசிரியராயின் ஆயிரம் முறையேனும் செல்லவேண்டும். தீங்குற்றவர் இறந்துவிட்டால், பத்துப் பேரைக் கல்லறைக்கு அழைத்துச் சென்று அவர்கள் முன்னிலையில் குற்றத்தை ஒப்புக்கொள்ளவேண்டும். பொருட்கடன் இருந்தால் வாரிசுகளிடம் செலுத்தவேண்டும். வாரிசு இன்னார் என்று தெரியாவிடில் வழக்கு மன்றத்தில் ஒப்படைக்கவேண்டும். எந்த இடுக்கிலும் நாம் நழுவிவிட முடியாதவாறு இவ்விதிகள் அமைந்துள்ளன.

பாபிலோனியத் தல்மூத் இவ்விடத்தில் சில நிகழ்ச்சிகளைக் கூறுகின்றது. கி.பி. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ராவ் என்னும் பெரியார் - 'அப்பா' என்பது அவருடைய இயற்பெயர் - இறைச்சி வெட்டுவோன் ஒருவனால் மனம் புண்பட்டிருந்தார். கழுவாய் நாளுக்கு முன்தினம் வரையிலும் அவன் வந்து பொறுத்தல் கேட்கவில்லை. 'நானே சென்று அவனைச் சமாதானப்படுத்துவேன்' என்று ராவ் புறப்பட்டார். வழியில் அவரைக் கண்ட மாணாக்கர், எங்கே செல்கின்றார் என்பதை அறிந்து, 'அப்பா ஒருவனைக் கொல்லப் போகின்றார்' என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். ராவ் சென்று அவன் முன் நின்றார். விலங்கின் தலையொன்றைப் பிளந்துகொண்டிருந்த அவன் நிமிர்ந்து பார்த்து, 'அப்பாவா? போ, உன்னோடு எனக்கு ஒன்றுமில்லை' என்றான். அக்கணமே எலும்புத் துண்டு ஒன்று தெறித்து அவன் தொண்டையில் பாய, அவன் இறந்தான்.

பலர் இதனை ஆணவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று படிக்கின்றனர். நமக்கு அந்த மாணாக்கரின் முணுமுணுப்பே பெரிதாகப்படுகின்றது. தீங்குற்றவரே, தீங்கிழைத்தவன் ஆயத்தமாவதற்கு முன் அவன் எதிரே போய் நின்றால், அந்நிற்றலே ஒரு குற்றச்சாட்டு ஆகிவிடாதா? நல்ல எண்ணத்தோடு சென்று பிறர் நெஞ்சில் கத்தி நுழைப்பவர்களை நாம் கண்டதில்லையா? பொறுமையிலும் ஒரு செருக்கு ஒளிந்திருக்கக்கூடும்.

அதே ஏட்டில் மற்றொரு நிகழ்ச்சி. ராவ், ஹனீனா என்னும் மூத்த அறிஞரை ஒருமுறை மதிக்கத் தவறிவிட்டார். பிழை சிறிதே: அவையில் மறைநூல் பகுதியை ஓதிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு பெரியவர் வரும்போதும் முதலிலிருந்து தொடங்கியவர், ஹனீனா வந்தபோது மட்டும் எத்தனை முறைதான் திரும்பத் தொடங்குவது என்று சொல்லிவிட்டார். அதற்காகக் கழுவாய் நாளின் முன்தினம் தோறும் பதின்மூன்று ஆண்டுகள் அவர் வாயிலில் போய் நின்றார், ஹனீனா இரங்கவில்லை. மூன்று முறை போதும் என்பது சட்டம். ராவ் தம்மளவில் அதற்கு மேலும் சென்றார் என்று நூல் சொல்கின்றது.

மூன்றாவதாக ஸெய்ரா என்பவரின் வழக்கம். தமக்குத் தீங்கு செய்தவர் ஒருவர் இருந்தால், அவர் நடமாடும் வழியில் ஸெய்ரா முன்னும் பின்னும் நடந்துகொண்டிருப்பாராம். எதுவும் கேட்பதில்லை, குற்றஞ்சாட்டுவதில்லை. அவர் வந்து பேச விரும்பினால் பேசுவதற்கு எளிதாகக் கண்ணெதிரே இருப்பது, அவ்வளவே. இம்மூன்றனுள் இதனையே நாம் மிகவும் போற்றுகின்றோம். கேட்பவனுக்கு மட்டுமன்று, பொறுப்பவனுக்கும் ஆயத்தம் தேவை. மூடிய கதவுக்குப் பின்னே அமர்ந்துகொண்டு, 'வந்தால் மன்னிப்பேன்' என்பது பெருந்தன்மையாகாது.

பிறருக்காக மன்னிக்கும் உரிமை நமக்கு உண்டா என்பது இதனோடு பிணைந்த கேள்வி. இரண்டாம் உலகப் போரின்போது, லெம்பெர்க் நகரில் நாட்சிகளின் கைதியாக இருந்த சைமன் வீசெந்தாலை, இறக்கும் தறுவாயில் கிடந்த ஜெர்மானியப் படைவீரன் ஒருவனிடம் அழைத்துச் சென்றனர். யூதக் குடும்பங்களை வீட்டோடு எரித்ததில் தனக்கும் பங்குண்டு என்று கூறி, ஒரு யூதரின் வாயால் மன்னிப்புப் பெற்று இறக்க அவன் விரும்பினான். வீசெந்தால் ஒன்றும் பேசாமல் வெளியேறினார். தாம் செய்தது சரியா என்று 'சூரியகாந்தி' என்னும் தம் நூலில் உலக அறிஞர் பலரையும் கேட்டார். ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷல் தம் விடையாக ஒரு கதை சொன்னார். பிரிஸ்க் நகரத்துப் புகழ்பெற்ற ரபி ஒருவர் தொடர்வண்டியில் வரும்போது, சீட்டாட வரவில்லை என்று சினந்த வணிகன் ஒருவன் அவரை இன்னாரென்று அறியாமல் பிடித்து வெளியே தள்ளினான். ஊர் வந்து உண்மை தெரிந்ததும் மன்னிப்பு வேண்டி மீண்டும் மீண்டும் வந்தான். ரபி மறுத்துவிட்டார். 'அவன் என்னை யாரென்று அறியாமல் செய்தான்; அவன் அவமதித்தது பெயரற்ற ஓர் எளியவனை. அந்த எளியவனிடம் சென்று கேட்கட்டும்' என்பது அவர் தந்த காரணம்.

கடுமைதான். ஆனால் பெரிய மனிதர் என்று தெரிந்த பின் வரும் பணிவு எத்தகையது என்பதை அது வெளிச்சமிட்டுக் காட்டுகின்றது.

எல்லாவற்றையும் சொல்லித்தான் பொறுத்தல் கேட்கவேண்டுமா? ஒருவரைப் பற்றி அவர் அறியாமல் புறங்கூறிவிட்டோம். அவரிடம் சென்று அதனைச் சொன்னால் புதிதாக ஒரு புண்ணை உண்டாக்குகின்றோம். 1873-இல் வெளிவந்த 'ஹாஃபெட்ஸ் ஹாயிம்' என்னும் நூல் சொல்லியே ஆகவேண்டும் என்று வரையறுத்தது. அக்காலத்து மற்றொரு பெரியாராகிய இஸ்ரவேல் ஸலாந்தர், நம் மனச்சுமையை இறக்குவதற்காகப் பிறர் மனத்தில் சுமை ஏற்றுவது முறையன்று என்று மறுத்ததாகக் கூறுவர். நாம் ஸலாந்தர் பக்கமே சாய்கின்றோம். எனினும், கோழைகள் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான மறைவிடம் வேறில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஆண்டுப் பிறப்புக்கு முன்தினம் நடக்கும் இன்னொரு சடங்கும் இவ்வரையறையையே காட்டுகின்றது. மூவர் நீதிபதிகளாக அமர, ஒருவர் எழுந்து நின்று, தாம் எடுத்து நிறைவேற்ற இயலாமற்போன விரதங்களையும் சூளுரைகளையும் நீக்கித் தருமாறு வேண்டுவார். பின்னர் அமர்ந்தவர்களுள் ஒருவர் நிற்க, நின்றவர் அமர்வார். விரதபங்கத்தின் அச்சத்தை அறிந்த நம் இல்லத்துப் பெண்மக்களுக்கு இச்சடங்கின் ஆறுதல் எளிதில் விளங்கும். ஆனால் பிறருக்குக் கொடுத்த வாக்கு இதனால் நீங்காது. கடன் கடனே, ஒப்பந்தம் ஒப்பந்தமே.

இங்கே நம் சமயக் கொள்கையிலிருந்து ஒரு தடை எழக்கூடும். வினையைக் கட்டுவதும் உதிர்ப்பதும் அவரவர் பரிணாமமே. பிறர் பொறுத்தாலும் பொறுக்காவிடினும் நம் வினை நம்மோடுதான். அங்ஙனமாயின் அடுத்தவர் வாயிலுக்கு ஏன் செல்லவேண்டும், ஜினாலயத்தில் நின்று நெஞ்சார வருந்தினால் போதாதா என்று கேட்கலாம். கொள்கை சரியே, முடிவு தவறு. சினம், செருக்கு, மாயம், உலோபம் என்னும் நான்கு கஷாயங்களில் செருக்கு ஆலயத்தில் உடைவதில்லை. அங்கே குனிவது எளிது, ஏனெனில் அங்கே எல்லோரும் குனிகின்றனர். நம்மைச் சிறுமைப்படுத்தக்கூடிய ஒருவர் முன் குனியும்போதுதான் அது உடைகின்றது. மேலும், நம்மால் புண்பட்டவர் நம்மீது கொண்ட சினத்தால் நாள்தோறும் தம் உயிரில் வினையைக் கட்டிக்கொண்டிருக்கின்றார். அதற்கு நிமித்தமாக நின்றுகொண்டே, நாம் தூய்மையடைந்தோம் என்று எப்படிச் சொல்வது?

இக்கட்டுரையை எழுதுவோர்க்கு இதனைப் போதிக்கும் தகுதி உண்டா என்பதும் கேட்கப்படவேண்டியதே. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பங்காளிகள் இருவரின் நிலத்துக்கு இடையே ஒரு வரப்பு. இரண்டு தலைமுறைக்கு முன் அது ஒரு பக்கமாக நகர்ந்தது. ஆண்டுதோறும் தசலட்சண நாட்களில் இரு குடும்பத்தாரும் ஒரே ஆலயத்தில் உத்தமப் பொறுமையைப் பற்றிய உரையைக் கேட்டனர். ஒருவரையொருவர் நோக்கிக் கைகூப்பினர். வரப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வரப்பை நகர்த்திய குடும்பம் நம்முடையது.

யூத நூல்களின் விதிகளைப் படித்த பிறகு, நில அளவையரை வரவழைத்து அளந்து பார்த்தோம். ஒன்றேகால் சென்ட் வந்தது. சந்தையில் அதற்குப் பெரிய விலை இல்லை. இழந்தவர் காலமாகிப் பல்லாண்டுகள் ஆயின. நம் மரபில் உடலை எரித்துவிடுவதால், பத்துப் பேரை அழைத்துச் சென்று நிற்பதற்குக் கல்லறையும் இல்லை. அவருடைய பேரர் சென்னையில் இருக்கின்றார். அவருக்கு அளவுப் படத்துடன் நடந்ததை நடந்தவாறே எழுதி அனுப்பினோம். இன்றளவும் மறுமொழி இல்லை. அறுவடை முடிந்ததும் உறவினர் மூவரை அழைத்துக்கொண்டு நேரில் செல்வதாக இருக்கின்றோம்.